ஊர்க் கண்மாய் மீட்பு: சீமைக்கருவேலத்தை ஒரே கோடையில எடுக்கணுமா, படிப்படியாவா?

கலுங்கடியான்

தேவகோட்டைக்கு வடக்க எங்க ஊர் ஒன்றியக் கண்மாயில பறவைகள் திரும்பக் கூடு கட்டுறதுக்கு ஒரு திட்டம் எழுதியிருக்கோம். கிராம சபையில வைக்குறதுக்கு முந்தி இங்க போடுறேன், குறை இருந்தா சொல்லுங்க.

உள்வாய் (தண்ணி நிக்கிற பரப்பு) 40 ஏக்கர், ஆயக்கட்டு (இதுல பாயுற வயல்) 90 ஏக்கர். வயலுக்குத் தண்ணி திறக்குற மடை ரெண்டு: தாழ்வா ஒரு பள்ளமடை, உயரமா ஒரு மேட்டுமடை. மிச்சத் தண்ணி வழியுற கலுங்கு கிழக்க. உள்வாயில முக்கால்வாசி சீமைக்கருவேலம். கொக்கு, நீர்க்காகம், வக்கா கூடு கட்டுறது கிழக்கு மூலைப் புதர்ல மட்டும்தான்.

முதல் கோடையில சீமைக்கருவேலம் எடுக்குறது வரத்துக்கால் (தண்ணி வர்ற வாய்க்கால்), கலுங்கு முகப்பு, கரை, மேற்குப் பாதி. அதே கோடையில பள்ளமடைக்கு முன்னாடி வண்டல் எடுத்து, அந்த மண்ணுல உள்வாய்க்குள்ளயே ஆறு திட்டு (மண்மேடு) போட்டு நாட்டுக்கருவேலம் நடணும். ரெண்டாவது கோடையில நடுப்பகுதி. கிழக்கு மூலையை, திட்டு மரங்கள் கூடு தாங்குற அளவுக்கு வளர்ற வரைக்கும் தொடக்கூடாது. வேலை எல்லாம் சித்திரை கடைசியில ஆரம்பிச்சு ஆவணிக்குள்ள முடியணும். அதுக்கு முன்னாடி கூட்டுல குஞ்சு இருக்கும், அதுக்குப் பின்னாடி மழை வந்துரும்.

ஆயக்கட்டுக்காரன்

தம்பி, நோக்கம் நல்லது, முறை தப்பு. சீமைக்கருவேலத்துல கால்வாசியை விட்டு வச்சா முழுசையும் விட்டு வச்ச கணக்குத்தான். கோடையில நெத்து (முத்தின காய்) உதிரும். ஆடும் மாடும் அதைத் தின்னுட்டு, சுத்தம் பண்ணின மேற்குப் பாதியில போய் புழுக்கை போடும். விதை ஓடு கெட்டி, குடல்ல செரிக்காது, வெளிய வந்ததும் நல்லா முளைக்கும். மண்ணுக்குள்ள வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும். கிழக்கு மூலை விதைக் கிடங்கா இருக்குற வரைக்கும் உங்க வேலைக்கு முடிவே இல்லை.

ரெண்டாவது, தூர் வாருறது. பள்ளமடைக்கு முன்னாடி மட்டும் எடுத்தா என்ன தண்ணி நிக்கும்? 40 ஏக்கரையும் ஒரு அடி இறக்கணும். ஒரே கோடை, மரத்துக்கு ஒரே ஏலம், பொக்லைன் ஒரு தடவை வந்து போகட்டும். ஆயக்கட்டுக்குத் தண்ணி நின்னாத்தான் பறவையும் வரும்.

நத்தைக்குத்தி

40 ஏக்கரை ஒரு அடி இறக்குவது என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு அடி மண் 1,233 கன மீட்டர். 40 ஏக்கருக்கு 49,000 கன மீட்டருக்கு மேல். டிராக்டர் லோடு 3 கன மீட்டர் என்றால் 16,000 லோடுக்கும் அதிகம். விவசாயிகள் வண்டல் எடுக்க அரசு தரும் அனுமதி நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. 90 ஏக்கர் ஆயக்கட்டும் முழுசாக எடுத்தாலும் 6,750 கன மீட்டர்தான். பக்கத்து ஊர்ப் புஞ்சையைச் சேர்த்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். மிஞ்சும் மண் உள்வாய் ஓரத்தில் குவிக்கப்பட்டு முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கும், அல்லது இரவில் லாரி ஏறும். வேறு வழி கிடையாது.

பாசனம் என்ற காரணத்தையும் பாருங்கள். பள்ளமடை வாசலின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மடை வழியாக ஒரு சொட்டும் வெளியே போகாது. வாசல் மட்டத்துக்கு மேலே படிந்திருக்கும் வண்டலை எடுத்தால்தான் வயலுக்குப் பலன். ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. கலுங்கு மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, உள்வாய் முழுக்க 25 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தால் எங்கே எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்பது ஒரே வரைபடத்தில் தெரிந்துவிடும். அது கையில் இல்லாமல் பொக்லைனைக் கூப்பிடக் கூடாது.

பறவைக்கு வருகிறேன். நத்தைக்குத்தி நாரைக்கு நத்தை கிடைப்பது கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் வயலிலும். மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடந்து மீன் பிடிப்பது, முழங்கால் ஆழத்துக்கு உட்பட்ட இடத்தில். ஆள்காட்டிக்கும் உள்ளானுக்கும் ஈரச் சேறு போதும். கரையிலிருந்து செங்குத்தாக இறங்கும் தொட்டியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டுமே மிஞ்சும். மேற்கு ஓரம் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில், அல்லது அதைவிடத் தட்டையாக இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் வற்ற வற்ற ஈர ஓரம் நாளுக்கு நாள் உள்ளே நகரும். மாசி, பங்குனி வரை இரை கிடைப்பது அந்த நகரும் ஓரத்தில்தான்.

செம்புறாங்கல்

மட்டத்தோட சோதனைக் குழியும் சேர்த்துக்கங்க. நம்ம பக்கத்து மண்ணுக்கு அது ரொம்ப முக்கியம். உள்வாயில தண்ணி நிக்கிறதுக்குக் காரணமே மேல படிஞ்ச களிதான். அதுக்கு அடியில சரளை, சில இடத்துல செம்புறாங்கல். பொக்லைன் களியை உடைச்சுச் சரளையைத் தொட்டா கண்மாய் ஒழுகும், தை பிறக்குறதுக்குள்ள வத்திரும். ஆழமாத் தூர் வாரியும் தண்ணி நிக்கலைன்னு பல ஊர்ல புலம்புறதுக்கு இதுதான் காரணம்.

50 மீட்டருக்கு ஒரு குழி, நாலடி ஆழம், மண்வெட்டியால தோண்டினாப் போதும். கருப்புக் களி முடிஞ்சு மஞ்சள் கலந்த மொறமொறப்பு வர்ற இடத்தை அளந்து குறிக்கணும். எங்க தோண்டினாலும் அதுக்கு மேல குறைஞ்சது ஒரு அடி களி மிஞ்சணும். கரையடியிலிருந்து 10 மீட்டருக்குள்ள தோண்டவே கூடாது, கரை சரியும்.

ஆயக்கட்டுக்காரன்

வாசல் மட்டத்துக்குக் கீழ நிக்கிற தண்ணி வீண்னு சொல்றதை ஏத்துக்க முடியாது. பங்குனி, சித்திரையில மாடு குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான். கீழ இருக்குற கிணறு ஊறுறது அதாலதான். நத்தைக்குத்தி அக்கா சொல்ற நாரையோட குஞ்சு பங்குனியில எதைத் தின்னும்? அதுக்கும் அந்தப் பள்ளம்தான் கதி.

திட்டு விஷயத்துலயும் எனக்கு மறுப்பு இருக்கு. தண்ணி நிக்கிற இடத்துல மண்ணைக் கொட்டி மேடு போட்டா கொள்ளளவு குறையுதா இல்லையா? ஆயக்கட்டுதாரர் யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

கலுங்கடியான்

அண்ணே, திட்டு வட்டமா, மேல் அகலம் 8 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர், சரிவு மூணுக்கு ஒண்ணு (மூணு மீட்டர் போனா ஒரு மீட்டர் இறக்கம்). ஒரு திட்டுக்கு 190 கன மீட்டர் சுமார், அதாவது 64 லோடு. ஆறும் சேர்த்து 1,150 கன மீட்டர். ஒரு ஏக்கர் ஒரு அடி மண்ணுக்கும் குறைவு. பள்ளமடைக்கு முன்னாடி ஆறு ஏக்கர்ல ஒன்றரை அடி வண்டலை வாசல் மட்டம் வரைக்கும் எடுத்தா 11,000 கன மீட்டர் பாசனக் கொள்ளளவு கூடுது. திட்டுக்குப் போறது அதுல பத்துல ஒரு பங்கு.

சரிவை ரெண்டுக்கு ஒண்ணுன்னு வச்சா மண் மிச்சம்தான், ஆனா அலை அடிச்சு முதல் வருஷமே ஓரம் கரைஞ்சிடும். அரை அடி அரை அடியா மண்ணைப் போட்டுத் தண்ணி தெளிச்சு இடிக்கணும். மேல அருகம்புல், காத்தடிக்கிற பக்கம் வெட்டிவேர். உச்சி கலுங்கு மட்டத்துக்கு வரணும், அப்பத்தான் கன்னு முதல் மழைக்காலத்துல மூழ்காது. ஒரு திட்டுக்கு நாலு இல்லைன்னா அஞ்சு மரம், அதுக்கு மேல நெருக்கினா கிளை விரியாது.

விதைக்கு ஆட்டுப்பட்டியில பொறுக்கின நாட்டுக்கருவேல விதையே நல்லது. இல்லைன்னா கொதிச்ச தண்ணியை ஊத்தி அப்படியே ஆற விட்டு, ராத்திரி முழுக்க ஊற வச்சுப் பையில போடணும். ஆறு மாசக் கன்னா, ரெண்டடிக்குக் குறையாம இருக்கணும்.

நாரை குடியேறினா எச்சம் விழுந்து சில மரம் பட்டுப்போகும். அதனால ஆறு திட்டுலயும் ஒண்ணா நடுறதை மாத்தி, மூணு திட்டுல இந்த வருஷம், மூணு திட்டுல ரெண்டு வருஷம் கழிச்சு நடலாம். எல்லாம் ஒரே வயசா இருந்தா எல்லாம் ஒண்ணாப் பட்டுப்போகும்.

மூட்டக்கரி

ஏலம் எடுக்குறவங்க பக்கத்தையும் யாராவது சொல்லணும். கரிக்குப் போறது தடிமரம். சுள்ளியும் தூரும் (வேரோட இருக்குற அடிமரம்) யாருக்கும் வேண்டாம். படிப்படியா ஏலம் விட்டா ஒவ்வொரு தடவையும் தடியை அறுத்துக்கிட்டுத் தூரை மண்ணுல விட்டுட்டுப் போயிடுவாங்க. மண்மட்டத்துல அறுத்தா அடுத்த மழையில ஒரு தூருல பத்துக் கிளை வெடிக்கும். முன்னாடி இருந்ததைவிட அடர்த்தியாயிடும். மொட்டு இருக்குறது மண்ணுக்குக் கீழ ஒரு அடிக்குள்ள, வேரும் தண்டும் சேர்ற முண்டுல. அதுக்குக் கீழ வெட்டி முண்டை வெளிய எடுத்தாத்தான் சாகும்.

உள்வாயில பொக்லைன் வாளியால நெம்பலாம். கரையில நெம்பக் கூடாது. வேர் வந்த குழி வழியாத் தண்ணி கசிய ஆரம்பிச்சா கரையே போயிரும். கரைத் தூரைக் கடப்பாரையால சுத்தித் தோண்டி, முண்டுக்குக் கீழ கோடாலியால வெட்டி, குழியை ஈரக் களியால அரை அடி அரை அடியா இடிச்சு மூடணும். ஆள்கூலி கூடத்தான். ஆனா இதை மிச்சம் பிடிக்க முடியாது.

ஏல நிபந்தனையில வைப்புத்தொகையைச் சேருங்க. மரம் ஏத்தினதும் திருப்பித் தரக்கூடாது. ஒரு மழை முடிஞ்சு, துளிர்த்த தூரை எண்ணி, அதையும் எடுத்த பிறகு தரணும். ஒரே ஏலமோ மூணு ஏலமோ, இது இல்லாம எதுவும் நடக்காது.

ஆயக்கட்டுக்காரன்

மூட்டக்கரி சொல்றதே என் பேச்சுக்கு ஆதாரம். படிப்படின்னா ஏலமும் கண்காணிப்பும் மூணு மடங்கு. ஊராட்சித் தலைவர் மாறினா திட்டம் நின்னுரும். கிழக்கு மூலை அப்படியே காடாத்தான் நிக்கும். நெத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை.

நத்தைக்குத்தி

நெத்துக்குப் பதில் இருக்கிறது. கிழக்கு மூலையைச் சுற்றி வெட்டிய முள்ளையே வேலியாகப் போட்டு மாசி முதல் ஆடி வரை ஆடுமாடு நுழையாமல் பார்க்க வேண்டும். ஓரத்து மரங்களின் நெத்தை உதிர்வதற்கு முன்பே பறித்துவிடலாம்.

அப்படியும் முளைக்கும். முளைப்பு அதிகம் வருவது தண்ணீர் வற்றிக்கொண்டு போகும் ஓரப் பட்டையில். மழை பெய்து இரண்டு நாளில், மண் ஈரமாக இருக்கும்போது, ஒரு அடிக்கு உட்பட்ட நாற்றைக் கையால் இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். ஓரடியைத் தாண்டினால் வேர் பாதியில் அறுந்து மறுபடி துளிர்க்கும். அதனால் ஆண்டுக்கு இருமுறை, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் இதைச் சேர்த்து, குறைந்தது மூன்று ஆண்டு செய்ய வேண்டும். ஒரே கோடையில் அனைத்தையும் எடுத்தாலும் இந்த மூன்று ஆண்டு வேலை மிச்சமாகாது, ஏனென்றால் விதை ஏற்கெனவே மண்ணில் கிடக்கிறது.

ஒரே கோடையில் எடுப்பதால் நேரும் இழப்பு வேறு. ஐப்பசியில் வரும் பறவைக்குக் கூடு கட்ட ஒரு கிளையும் இருக்காது, திட்டு மரம் கூடு தாங்க ஆறேழு வருஷம் ஆகும். கூடு கட்டும் பறவைக் கூட்டம் பெரும்பாலும் பழகிய இடத்துக்கே திரும்பி வரும். அத்தனை வருஷம் வராமல் வேறு கண்மாயைப் பிடித்துக்கொண்டால், பிறகு மரம் மட்டும்தான் நிற்கும்.

2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்காக வெளியிட்ட கொள்கையும் அகற்றுவதையும் வாழிட மீட்பையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நாம் ஏலத்துக்கு மட்டும் திட்டம் எழுதிவிட்டு நடுவதை மறந்துவிடக் கூடாது.

பொட்டல்காடு

உள்வாயைப் பத்தியே பேசுறீங்க, தண்ணி வரத்துக்கு என்ன வழி? மேற்குச் செம்மண் மேட்டுல தைலமரத் தோப்பு இருந்தா, அதுக்குள்ள மழைநீரை நிறுத்துற வரப்பும் அகழியும் எங்கெங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. மேட்டுத் தண்ணி அங்கயே நின்னுட்டா வரத்துக்காலைத் தூர் வாரி என்ன பயன்?

இன்னொண்ணு. "மேட்டுல காலியாக் கிடக்கு, அங்கயும் நெருக்கி மரம் நடுவோம்"னு யாராவது கிளம்புவாங்க. விடாதீங்க. அந்தப் பொட்டல்லதான் ஆள்காட்டி தரையில முட்டை வைக்குது, முயல் இருக்கு, கௌதாரி இருக்கு. அங்க களா, காரை, சூரை குத்துக்குத்தா இருக்கும், ஆடு கடிச்சுக் கடிச்சுக் குட்டையா நிக்கும். அடி வேர் பழசு. மேய்ச்சலைப் பகுதி பகுதியா ரெண்டு வருஷம் நிறுத்தினாலே தானா எழும்பும். அய்யனார் கோயில்காட்டு வீரை, உலக்கைப்பாலை விதையைப் பறவையே கொண்டாந்து அந்தக் குத்துக்கு அடியில போடும். குழி வெட்டி, லாரித் தண்ணி ஊத்தி வளர்க்கிற செலவு தேவையில்லை.

ஆயக்கட்டுக்காரன்

சரி, நான் கேக்குறதைச் சுருக்கமாச் சொல்றேன். ஒண்ணு, களி கனமா இருக்குற இடத்துல கோடைத் தண்ணிக்கு ஒரு பள்ளம் வேணும், மூணு நாலு ஏக்கருக்குக் குறையாம. ரெண்டு, கிழக்கு மூலையை எப்ப எடுப்பீங்கன்னு ஒரு வருஷம் எழுதணும். "மரம் வளர்ற வரைக்கும்"னு எழுதினா அதுக்கு முடிவு கிடையாது.

வேட்டங்குடியை உதாரணம் காட்டுவீங்கன்னு தெரியும். 1977லிருந்து சரணாலயம், வனத்துறை பொறுப்பு. அங்க உள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாம இருக்குறதை மனசார மதிக்கிறேன். ஆனா நம்மது பாசனக் கண்மாய், ஒன்றியத்துது. காவல் காக்க ஆள் கிடையாது.

கலுங்கடியான்

பள்ளம் சரி. சோதனைக் குழியில நாலடியும் களியாவே காட்டுற இடத்துல மூணு ஏக்கர், ரெண்டடி ஆழம், ஓரம் சரிவா. மடையிலிருந்து தள்ளி.

ஆனா அந்தத் தண்ணி மிஞ்சணும்னா பாசி குத்தகையில (மீன் பிடிக்கிற குத்தகை) நிபந்தனை வேணும். குத்தகைதாரர் சித்திரையில மோட்டார் வச்சு அடித்தண்ணியை இறைச்சு மீனை அள்ளிட்டா, மாட்டுக்கும் இல்லை, நாரைக்குஞ்சுக்கும் இல்லை, அடுத்த வருஷத்துக்குத் தாய் விராலும் இல்லை. பள்ளத்துல இறைக்கக் கூடாது, வலை மட்டும்தான். தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விட்டா குத்தகை ரத்து. அது ஒரு தடவை உள்ள வந்தா அயிரை, குறவை, விரால் குஞ்சு எதையும் விட்டு வைக்காது.

கிழக்கு மூலைக்கு வருஷம் எழுதுறதுல எனக்கு ஒப்புதல் இல்லை. வருஷத்துக்குப் பதிலா அளவு எழுதுவோம்: திட்டு மரங்கள்ல பாதிக்கு மேல 15 அடி தாண்டி, அதுல ஒரு பருவம் கூடு கட்டினதைப் பதிவு பண்ணின பிறகு, கிழக்கு மூலையை வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கா எடுக்கணும்.

ஆயக்கட்டுக்காரன்

கூடு கட்டுறது பறவை கையில இருக்கு. அதை நிபந்தனையா வச்சா ஒப்புக்க மாட்டேன். 15 அடி உயரம் போதும். இல்லைன்னா எட்டு வருஷம், எது முந்தியோ அது.

நத்தைக்குத்தி

எட்டு வருஷத்துக்கு நான் சம்மதிக்கிறேன், ஒரு சேர்க்கையோடு. எட்டாம் வருஷம் திட்டு மரங்களில் பாதிக்கு மேல் செத்திருந்தால், மூலையை எடுக்கும் முன் மறுநடவுக்கு ஊராட்சிப் பணம் ஒதுக்கித் தீர்மானம் போட வேண்டும். அது இல்லாமல் கிராம சபையில் நான் எதிர்த்துப் பேசுவேன்.

மூட்டக்கரி

மறுநடவுப் பணத்தை மர ஏலத்துல வர்ற தொகையிலிருந்தே தனிக் கணக்குல போட முடியுமான்னு ஒன்றிய அலுவலகத்துல எழுத்துல கேளுங்க. ஏலத்துக்கு முன்னாடியே கேக்கணும், பின்னாடி கேட்டா அது பொதுக் கணக்குல கலந்துரும். வனத்துறை மர மதிப்பீட்டுக்கும் இப்பவே மனு குடுத்துருங்க. அது தாமதமானா சித்திரை போயி ஆடியிலதான் ஏலம் நடக்கும், அந்தக் கோடை உங்களுக்குக் கிடைக்காது.