கலங்கிய துளியைக் கொட்டிவிடாதீர்கள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற புரதத்தைப் படிகமாக்குவது எங்கள் முதுகலை மாணவர்களுக்கு வழக்கமான செய்முறை. அசிடேட் பஃபர், சோடியம் குளோரைடு, கவர்ஸ்லிப்பில் தொங்கும் ஒரு துளி, சுற்றிலும் கிரீஸ். அவ்வளவுதான் வேண்டும்.

இந்த வருஷம் வேதாரண்யத்துப் பெண் ஒருத்தி துளியைப் பார்த்துவிட்டு, "வெறும் கலங்கல்தான் மேடம், கழுவிடவா?" என்றாள். "இரும்மா" என்று சொல்லி, மைக்ராஸ்கோப்பில் இரண்டு போலராய்டு தகடுகளையும் குறுக்காக வைத்தேன். இருட்டுக்கு நடுவே பொடிப்பொடியாக ஒளிப்புள்ளிகள். மேடையைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றும் அணைந்து மறுபடி மினுங்கியது. சாப்பாட்டு உப்பின் படிகம் அப்படி மினுங்காது, ஒழுங்கில்லாமல் திரண்ட புரதமும் மினுங்காது. அத்தனையும் லைசோசைம் படிகங்கள்.

புரதத்தின் அமைப்பை எக்ஸ்ரே வைத்துக் கண்டறிய இவ்வளவு குட்டிப் படிகங்கள் போதாது என்றுதான் முன்பெல்லாம் ஒதுக்குவார்கள். எலக்ட்ரானோ பொருளோடு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு வலுவாக மோதுகிறது. அதனால் அதற்குப் படிகம் மெலிசாக இருப்பதுதான் வசதி, சில நூறு நானோமீட்டர் போதும். 2013-ல் தமீர் கோனன் குழு இதே லைசோசைமின் குட்டிப் படிகங்களை உறையவைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சாய்த்துச் சாய்த்து விளிம்புவிலகல் படங்கள் எடுத்து, 2.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அமைப்பைக் கண்டது. இந்த முறைக்கு மைக்ரோஈடி என்று பெயர், ஈடி என்றால் எலக்ட்ரான் விளிம்புவிலகல். எலக்ட்ரான் படிகத்தைச் சிதைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் மிகக் குறைந்த அளவே பாய்ச்சுவார்கள்.

சவ்வுப் புரதங்களுக்கு இது பெரிய வரம் என்பது என் எண்ணம். செல்லின் கொழுப்புச் சவ்வில் புதைந்து கிடப்பவை அவை. டிடர்ஜென்ட் போட்டு வெளியே எடுத்தால் பெரிய படிகமாக வளர லேசில் சம்மதிக்காது. 2018-ல் லியுவும் கோனனும் நானோ படிகங்களிலிருந்து சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கடத்தும் நாக் என்ற அயனிக் கால்வாயை 2.5 ஆங்ஸ்ட்ராமில் பார்த்தார்கள். பாதி நீர் ஒட்டிய சோடியம் அயனி கால்வாயின் வாசலிலேயே தெரிந்தது! அந்தப் படத்தைக் காட்டியதும் அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது.

அவள் அப்பா நெல் போடுகிறவர். கடல் நீர் ஏறினால் பயிர் என்னாகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோனா பொக்ரா என்ற உப்பு தாங்கும் நெல்லில், இலைக்குச் சோடியம் அதிகம் போகாமல் தடுப்பதும் ஒரு சவ்வுப் புரதம்தான், எச்கேடி1;5. அதன் ஜீனை 2005-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "அதையும் இப்படிப் பார்க்கலாமா மேடம்?" என்று கேட்டாள்.

பார்க்கலாம், ஆனால் சுலபமில்லை. முதலில் சுத்தமான புரதம் போதிய அளவு கிடைக்க வேண்டும். அப்புறம் படிகத்தை லிப்பிட் கியூபிக் ஃபேஸ் என்ற கொழுப்பும் நீரும் கலந்த கலவையில் வளர்த்தால், அந்தக் கலவை டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாக இருக்கும், மைக்ராஸ்கோப்பில் மாதிரியைத் தாங்கும் கிரிட்டில் மெலிசாகப் பரவாது. 2021-ல் மனித அடினோசின் ஏற்பி என்ற சவ்வுப் புரதம் ஒன்றை அப்படி வளர்த்தவர்கள், உறைந்த படிகத்தை அயனிக் கற்றையால் சுமார் 200 நானோமீட்டருக்குச் செதுக்கித்தான் தரவு எடுத்தார்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் அவள் அசரவில்லை. எச்கேடி பற்றிய கட்டுரைகளை அச்செடுத்து வைத்திருக்கிறாள், பிஎச்டிக்கு எழுத வேண்டிய ஆய்வகங்களின் பட்டியலை நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.