மரம் இழைக்கும் பிளேனரில் கத்தி மாற்றும்போது யாரும் கரண்டைப் போட்டுவிடாமல் இருக்க என்ன வழி?

திண்டுக்கல் பட்டறை:
வணக்கம். சின்ன மரப்பட்டறை, நாலு பேர் வேலை செய்கிறோம். 12 இஞ்ச் சர்ஃபேஸ் பிளேனர் இருக்கிறது. மூன்று ஃபேஸ், 3 எச்.பி. மோட்டார், டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (பச்சை பட்டனை அமுக்கி மோட்டாரை ஓட்டும் பெட்டி). அப்புறம் சிங்கிள் ஃபேஸில் ஓடும் கட்டிங் டேபிள். அதற்கு ஸ்டார்ட்டர் கிடையாது, சாதா சுவிட்ச்தான்.

கத்தி மாற்றும்போது சுவர் டப்பாவில் எம்.சி.பி.யை (தானாக டிரிப் ஆகும் சுவிட்ச்) இறக்கிவிட்டு வேலை பார்ப்போம். போன வாரம் மேஸ்திரி கட்டர் பிளாக்கில் (கத்தி மாட்டிய உருளை) கை வைத்திருந்த நேரம், வெளியிலிருந்து வந்த பையன் "டிரிப் ஆகிக் கிடக்கு" என்று அதைத் தூக்கிவிட்டான். நல்லவேளை, மோட்டார் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்றும் புரியவில்லை. இனிமேல் எமர்ஜென்சி பட்டனையும் அமுக்கி வைத்தால் போதுமா?

வயர்மேன்:
உங்கள் மேஸ்திரியைக் காப்பாற்றியது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் நோ-வோல்ட் காயில். கரண்ட் போனதும் கான்டாக்டர், அதாவது மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் உள் சுவிட்ச், விட்டுவிடும். திரும்பி வந்தாலும் பச்சை பட்டனை அமுக்கினால்தான் மறுபடி பிடிக்கும். கட்டிங் டேபிளில் அது இல்லை. சுவிட்ச் ஆனில் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் பிளேடு தானாகவே சுற்றும். அதற்கும் ஒரு ஸ்டார்ட்டர் போட்டுவிடுங்கள்.

எமர்ஜென்சி பட்டன் போதாது. அது காயிலுக்குப் போகும் கரண்டைத்தான் நிறுத்தும், ஸ்டார்ட்டர் வரை மூன்று ஃபேஸும் வந்து நிற்கும். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அந்தப் பட்டனால் ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு, யார் வேண்டுமானாலும் திருகி விடுவித்துவிடலாம்.

மெஷினுக்குப் பக்கத்திலேயே ரோட்டரி ஐசோலேட்டர் (கரண்டை முழுசாகத் துண்டிக்கும் திருகு சுவிட்ச்) வையுங்கள், கைப்பிடியில் பூட்டு மாட்ட ஓட்டை உள்ளதாக. அதுவரை, எம்.சி.பி. நாக்கில் மாட்டிப் பூட்டும் கிளிப் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். எல்லா எம்.சி.பி.க்கும் ஒரே கிளிப் சேராது, உங்களுடையதைக் காட்டி வாங்குங்கள்.

பழைய ரந்தா:
இத்தனை செலவு எதற்கு? நாங்கள் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வேலை செய்த ஆட்கள். இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் ஆச்சு.

வயர்மேன்:
அண்ணே, ஒரு ஃபியூஸ் மட்டும் பிடுங்குவது சரியில்லை. யாராவது பச்சை பட்டனை அமுக்கினால் மீதி இரண்டு ஃபேஸ் மோட்டார் வரை போகும். நின்ற மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் கட்டர் பிளாக்கைக் கையால் லேசாகச் சுற்றிவிட்டால் அந்தப் பக்கமே பிடித்து ஓட ஆரம்பிக்கும். கத்தி மாற்றும்போது சுற்றாமல் இருப்போமா? பிடுங்கினால் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் வேறு யாராவது வேறு ஃபியூஸ் கட்டையைச் செருகலாம்.

பெல்ட் கழற்றுவது நல்ல பழக்கம், பிளேனருக்குச் சரி. மோட்டார் ஷாஃப்டிலேயே பிளேடு மாட்டிய மெஷினில் எதைக் கழற்றுவீர்கள்?

ஃபிட்டர்:
நான் சொல்ல வருவது சாவியைப் பற்றி. பூட்டு வாங்கிவிட்டு டூப்ளிகேட் சாவியை முதலாளி மேசையில் போட்டு வைக்கிற பட்டறைகள் நிறைய. மெஷினுக்குள் யார் கையை விடுகிறாரோ, சாவி அவரிடம் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று பெயரோடு ஒரு அட்டையும் தொங்கட்டும்.

பூட்டிய பிறகு பச்சை பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். தவறான எம்.சி.பி.யைப் பூட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அதற்கு முன் பிளாக் முழுசாக நின்றிருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே, ஆஃபிலிருந்து தவறுதலாக ஆனுக்கு நகரக்கூடிய சாதனத்தைப் பூட்டி வைக்க வழி செய்ய வேண்டும் என்று இருந்தது. நாலு பேர் பட்டறையை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. செய்து வைப்பதில் என்ன நஷ்டம்?

திண்டுக்கல் பட்டறை:
ரொம்ப நன்றி. ஐசோலேட்டருக்குச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: ஜெனரேட்டரும் இருக்கிறது. ஈ.பி. மெயினில் பூட்டினால் ஜெனரேட்டர் வழியாக வருமே? கட்டிங் டேபிளுக்கு ஸ்டார்ட்டர் வரும்வரை என்ன செய்வது?

வயர்மேன்:
வரும். அதனால்தான் ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சுக்குப் பிறகு, மெஷின் பக்கம் பூட்டச் சொன்னேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அங்கே நின்றுவிடும். கட்டிங் டேபிளுக்குப் பிளக்கைப் பிடுங்கி, வேலை செய்கிறவர் கண் முன்னால் டேபிள் மேலேயே வைத்துக்கொள்ளட்டும். மறுபடி செருகும் முன் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.