மருந்து அலர்ஜி: வார்டிலும் கடையிலும் ஓ.பி.யிலும் பார்ப்பவை

செவிலியர், அவசரப் பிரிவு
செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருக்கும்போது "உள்ளங்கை அரிக்குது சிஸ்டர், என்னமோ பண்ணுது" என்று நோயாளி சொன்னால், பி.பி. கருவியைத் தேடுவதற்கு முன் மருந்தை நிறுத்துங்கள். ஐ.வி. செட்டை முழுதாகக் கழற்றிப் புதிதாக மாட்டுங்கள். பழைய குழாயில் மருந்து மிச்சம் இருக்கும். கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் ஊசியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். பி.பி. இறங்கிய பிறகு வேறு நரம்பு (ரத்தக்குழாய்) கிடைப்பது கஷ்டம்.

அடுத்து வயிற்றைப் பிசையும், "பாத்ரூம் போகணும்" என்பார்கள். விடாதீர்கள், அதுவும் அனாபிலாக்சிஸின், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜியின், அறிகுறிதான். எழுந்து நின்ற மாத்திரத்தில் பி.பி. சரிந்து இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் அதிகமென்றால் காலை நீட்டி உட்காரலாம். கர்ப்பிணியென்றால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

அட்ரினலின் ஆம்ப்யூல் 1 மில்லியில் 1 மி.கி. பெரியவர்களுக்கு 0.5 மில்லி, நடுத்தொடையின் வெளிப்பக்கம், தசைக்குள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, 10 கிலோ என்றால் 0.1 மில்லி. இதற்கு 1 மில்லி சிரிஞ்ச் வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால் கோடுகள் யூனிட் கணக்கு, ஊசியும் தசைவரை போகாது. 5 நிமிடத்தில் தேறவில்லையென்றால் அதே அளவு மறுபடி.

மருத்துவர், அவசரப் பிரிவு
சிஸ்டர் சொன்னதில் தாமதம் எங்கே வருகிறதென்றால், முதல் கை அவில் என்ற அலர்ஜி ஊசியின் ஆம்ப்யூலுக்குப் போவதில்தான். அவில் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவே. தொண்டை வீக்கத்துக்கும் பி.பி.க்கும் அது மருந்தல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். இரண்டும் அட்ரினலினுக்குப் பிறகுதான். தடிப்பு வரட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது; தோலில் ஒன்றுமே தெரியாமல் பி.பி. மட்டும் விழுந்த கேஸ்களும் வரும்.

நாடித்துடிப்பு உள்ளவருக்கு அந்த 1 மி.கி. அட்ரினலினை நரம்பில் தள்ளினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். பி.பி. ஏறவில்லையென்றால் நார்மல் சலைன் 500 மில்லி முதல் 1 லிட்டர் வரை வேகமாக. பி.பி., இதய மாத்திரைகளான அட்டெனோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவரிடம் அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம். அப்போது உதவும் குளுக்ககான் ஊசி இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு டோஸ் அட்ரினலின் தேவைப்பட்டவரைச் சரியாகிவிட்டதென்று உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

"டெஸ்ட் டோஸ் போட்டோமே" என்பது பதிலாகாது. 0.1 மில்லி தோலுக்குள் போட்டு 20 நிமிடம் பார்த்து வீக்கம் இல்லை என்றாலும், முழு டோஸில் அனாபிலாக்சிஸ் வரலாம். டெஸ்ட் டோஸிலேயேகூட வரலாம்.

மருந்தாளுநர்
கடையில் வரும் சிக்கல் வேறு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தில் முகம் வீங்கியவர் அந்த பிராண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அசிக்ளோஃபெனாக்–பாராசிட்டமால் கேட்பார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் பல பேருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆஸ்துமாவும் மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ளவர்களிடம் கூடுதல் கவனம். பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

பேதிக்கு ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் வாங்கியவர், உதட்டிலோ ஆணுறுப்பிலோ வட்டமாகக் கருத்துப் புண்ணாகிறது என்று கூச்சத்தோடு களிம்பு கேட்பார். "போன தடவை இந்த மாத்திரை சாப்பிட்டபோதும் இதே இடத்திலா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அது பெரும்பாலும் மருந்துத் தடிப்புதான். களிம்பைவிட, அந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது முக்கியம்.

தோல் மருத்துவர்
மருந்து கொடுத்து அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாத மருந்துகள் இருக்கின்றன. வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், ஆன்டிபயாட்டிக்கான கோட்ரைமாக்சசோல். இவற்றின் மோசமான விளைவு, மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும். காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண். தடிப்பு அரிப்பதைவிட வலிக்கும். இதை அம்மை என்று வேப்பிலை போட்டு வீட்டில் வைத்திருந்து, தோல் உரியும்போது கொண்டுவருகிறார்கள். வாய்ப்புண்ணோடு தடிப்பு என்றால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்கு. வலிப்பு மாத்திரையென்றால் மாற்று மருந்தையும் அன்றே முடிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வந்துவிடும்.

மருத்துவர், அவசரப் பிரிவு
ஒன்று விட்டுப்போனது. அரிப்பே இல்லாமல் நாக்கு மட்டும் வீங்கினால் பி.பி. மாத்திரைகளான எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பல வருடம் சாப்பிட்ட பிறகும் வரும். இதற்கு அட்ரினலின் பெரும்பாலும் உதவாது. மூச்சு அடைபடாமல் குழாய் போட வேண்டிவரலாம், மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்தாளுநர்
டிஸ்சார்ஜ் சீட்டில் "டிரக் அலர்ஜி" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மருந்தின் ஜெனரிக் பெயர், தேதி, எத்தனையாவது நிமிடம் அல்லது நாள், என்ன வந்தது, என்ன கொடுத்தீர்கள் என்பது வேண்டும். அமாக்சிசிலினில் பேதி ஆனவரும் பென்சிலின் அலர்ஜிக்காரராகி, காலம் முழுக்க வேறு ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொண்டிருப்பார். பக்க விளைவைப் பதிவு செய்ய 1800-180-3024, கட்டணம் இல்லை; நோயாளியே கூப்பிடலாம். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேட்ச் எண் கேட்பார்கள்.