பாதியில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போன கதை இருந்தால் சொல்லுங்கள்

கட்டபெட்டு_காரன்

முதலில் என் கதை. வாங்கவில்லை. வாங்காததுதான் இப்போது பிரச்சினை.

எம்ஜிஏ ரோட்ஸ்டர், கூரை மூடாத இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், 58ஆம் வருட வண்டி. கோத்தகிரிக்கு மேலே ஒரு ஹட்டி (படகர் ஊர்), தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தகர ஷெட். வைத்திருந்தவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் மனைவிதான் சாவியோடு வந்தார். கார் மரக்கட்டைகளின் மேல் நின்றது. இன்ஜின் கீழே ஒரு லாரி டயருக்குள் உட்கார்ந்திருந்தது, அதுவும் அம்பாசிடர் இன்ஜின். மூன்றரை லட்சம் சொன்னார். இதெல்லாம் இங்கே எல்லோரும் பார்த்ததுதான்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த டின்கள். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின், மாத்திரை டப்பா. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி நீல மையில் எழுதியிருந்தார். 'முன் பம்பர் இடது. 4 போல்ட். ஒரு வாஷர் குறைவு.' 'டேஷ் விளக்கு. எரியும்.' ஒரு டப்பாவில் மட்டும் 'எதிலிருந்து கழற்றினேன், நினைவில்லை'. உள்ளே ஒரே ஒரு ஸ்பிரிங்.

அதைப் படித்துக்கொண்டே காருக்குள் காலை வைத்தேன். கால் தளத்தைப் பொத்துக்கொண்டு போய் ஷெட் மண்ணில் நின்றது. "பாத்துங்க தம்பி, அவரும் அப்படித்தான் ஒரு தடவ" என்றார் அந்த அம்மா. என் ஆசை அங்கேயே போய்விட்டது. தளமே இப்படி என்றால் மீதி? ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பர் வேறு என்பதையும் ஒரு சாக்காகச் சொல்லி, யோசித்துப் போன் பண்ணுகிறேன் என்று கிளம்பினேன். நவம்பர் மாதம். இன்னும் பண்ணவில்லை.

பெட்போர்டு_பயல்

அண்ணா, அம்பாசிடர் இன்ஜினையா சாக்குச் சொன்னீர்கள்! எம்ஜிஏவில் முதலில் வந்ததே 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின்தான். அம்பாசிடரின் 1489ம் அதே குடும்பம். மாட்டியவர் விவரம் தெரிந்தவர்.

நான் வாங்கினேன். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், குன்னூரிலேயே கிடைத்தது. நம்ம மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது உடன்பிறப்பு மாதிரி, முன் சஸ்பென்ஷன் சாமான் பாதிக்கு மேல் ஒத்துப்போகும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். உக்கடத்தில் அலைந்து ஒரு செத்த ஹெரால்டு பிடித்து, அதை உரித்து இதை நிறுத்தினேன். இரண்டரை வருடம்.

முதல் ஓட்டம். பெட்போர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறக்கம். வேகம் பதினைந்து கூட இருக்காது. எதிரே பஸ் வர, இடது பக்கம் ஒடித்தேன். 'டக்'. ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் குப்புறப் படுத்திருக்கிறது. பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "சார், டயர் தூங்கிடுச்சு" என்றார். பஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் கை நடுங்கியது. மறுநாள் மலைப்பாதையில் இறங்கி பர்லியார் வரை போவதாக இருந்தேன்.

காரணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன் சக்கரத்தைத் தாங்கும் தூண் கீழே மரையில் திருகி நிற்கும் அந்த ட்ரன்னியனுக்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் போக வேண்டும். வொர்க்‌ஷாப்பில் பழக்க தோஷத்தில் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டார்கள். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது. தண்ணீர் போய்ச் சேரும். உள்ளே துருப்பிடித்து ஒருநாள் முறியும். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தான், அதனால் யாரையும் சொல்லிப் பயனில்லை.

பழைய_ஸ்பானர்

என் கதை சின்னது. ஊட்டியில் ஒரு எம்ஜிபி. பளபளவென்று பெயின்ட். பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. அவ்வளவும் பட்டி. வந்துவிட்டேன்.

இப்போது கட்டபெட்டு நண்பருக்கு. கோபிக்க வேண்டாம், நீங்கள் பயந்தது தப்பான இடத்தில். எம்ஜிஏவின் தளம் தொழிற்சாலையிலேயே பிளைவுட். ஆமாம், மரப்பலகை. ஊறிப் போயிருக்கும், கால் போகத்தான் செய்யும். நல்ல ஆசாரி இரண்டு நாளில் புதிதாக வெட்டிப் போட்டுவிடுவார். அந்த வண்டிக்குத் தனி சேஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், உண்டு. நீங்கள் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, அந்தச் சேஸை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். 'டங்' என்றால் இரும்பு, 'தொப்' என்றால் துரு. எம்ஜிபிக்குத்தான் தனி சேஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். கதவுக்குக் கீழே ஓடும் சில் போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினால் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பெட்போர்டுத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. இன்ஜின் ஒரே குடும்பம் என்பது லேத் பட்டறைக்குச் சரி. ஆர்டிஓ ஆபீஸில் குடும்ப உறவு செல்லாது, நம்பர்தான் செல்லும். 2021இல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். 'விஏ' எழுத்தோடு நம்பர் தருவார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அதோடு, அந்தப் பதிவில் தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, டெக்னிக்கல் வேலை மாதிரியான காரியங்களுக்குத்தான். ஆகவே விலை பேசுவதற்கு முன்னால் ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். அது யார் பேரில் இருக்கிறது, இறந்தவர் பேரில் இருந்தால் வாரிசுச் சான்று இருக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஷெட்டிலேயே கேட்டிருக்கலாம். நீங்கள் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

செண்பகனூர்_மூடுபனி

ஸ்பானர் சார் மரம் என்றதும் கை பரபரக்கிறது. எங்கள் கொடைக்கானலில் ஒரு எம்ஜி டிசி, 47. அதில் தளம் மட்டுமா, தகரத்துக்குள் இருக்கும் பாடிச் சட்டம் முழுக்க மரம். கதவுக் கீலே மரத்தில்தான் திருகியிருக்கும். பதினைந்து வருடம் மழையும் மூடுபனியும் குடித்த மரம்.

கதவைத் திறந்தேன். கீல், திருகாணி, ஒரு பிடி மரத்தூள் எல்லாமாக என் கையோடு வந்துவிட்டது. கதவை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐந்து நிமிடம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு இருந்த இடத்தில், சட்டத்தின் இடுக்கில், வெள்ளையாக மூன்று காளான். குடை விரித்து நின்றன. விற்பவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது தின்கிற காளான் இல்லைங்க" என்றார், ஏதோ நான் அதற்காகத்தான் வந்த மாதிரி.

இரண்டு லட்சம் குறைத்தார். அப்போதும் வாங்கவில்லை. இன்ஜின் நன்றாக இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த இன்ஜினில் போல்ட் தலைக்கு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு) ஸ்பானர், மரை மட்டும் மில்லிமீட்டர் கணக்கு. அந்த விசித்திரத்துக்காகவே ஒன்றைப் பிரித்துப் பார்க்க ஆசை.

அவர்_வீட்டுக்காரி

நான் வாங்குகிற கட்சி இல்லை. எங்கள் வீட்டுப் போர்டிகோவில் ஒன்று நிற்கிறது, ஊட்டி. பெயர் கேட்காதீர்கள், பச்சைக் கலர், இங்கிலாந்து. பெரியவளுக்கு மொட்டை போட்ட வருடம் வந்தது. அவள் இப்போது காலேஜ்.

போன மாதம் வாங்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர், மண்டி போட்டுக் கீழே எல்லாம் பார்த்தார். ஐந்து வரை கொடுக்கிறேன் என்றார். எங்களவர் ஒன்பது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, முந்தின நாள் ராத்திரிதான் நாலு கிடைத்தால் போதும் என்று பேசியிருந்தோம். அவர் போன பிறகு டீ எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், இந்த மனிதர் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். சீட் இல்லை, குப்புற வைத்த பக்கெட் மேல். ஸ்டீயரிங்கை எதிலும் மாட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லேசாக வலது பக்கம் வளைக்கிறார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

விலை அதிகம் சொல்கிறார்கள் என்று இங்கே பாதிப் பேர் எழுதுகிறீர்கள். சில பேர் விற்கக் கூடாது என்றுதான் விலை சொல்கிறார்கள்.

பெட்போர்டு_பயல்

அக்கா, எந்த கார் என்று மட்டும் சொல்லுங்கள், ஹெரால்டு சாமான் கொஞ்சம் மீதி இருக்கிறது.

அவர்_வீட்டுக்காரி

வேண்டாம் தம்பி. இருக்கிற சாமானே போதும்.

கட்டபெட்டு_காரன்

ஸ்பானர் சார், பிளைவுட் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன், போன் கூடப் பண்ணாமல்.

ஷெட்டில் கேரட் மூட்டை. ஜனவரியிலேயே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். டின் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பிளாஸ்திரி கிழியாமல் பேப்பர் சுற்றி எடுத்துப்போனாராம். அதைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து நீட்டினார். பலகைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம், வண்டி போன பிறகுதான் கண்ணில் பட்டதாம். 'வலது கதவு. பூட்டு, கயிறு. எண்ணெய் போட்டாச்சு.' அந்த ரோட்ஸ்டருக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே கைவிட்டு அந்தக் கயிற்றை இழுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். வாங்கியவர் நம்பர் அவரிடம் இல்லை.

டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் 58 எம்ஜிஏவுக்கு டிரைவர் பக்கக் கதவுப் பூட்டு தேடிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால் இங்கேயே சொல்லுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம், வண்டியை ஒருமுறை பார்க்க விட்டால் போதும்.