வேன் எத்தனை மணிக்கு?

குழு: ஜெயநகர் வீடு
12 ஏப்ரல் 2014, பெங்களூரு

சுமதி: 18 காலைல மதுரைல குட்டிக்குக் காதுகுத்து. 17ந்தேதி வேன் எத்தனை மணிக்குச் சொல்லட்டும்?

பாபு: காலைல 6. மறுநாள் புனித வெள்ளி, ஓசூர் ரோட்டுல நகர முடியாது

துமகூர் அத்தை: தேய்பிறைலயா வெச்சிருக்கீங்க?

சுமதி: லீவு கிடைக்கிற நாள்தான் முகூர்த்தம் அத்தை

பெரியப்பா: 17 ஓட்டு. போட்டுட்டுத்தான் வண்டி ஏறணும். இந்தத் தடவை நம்ம தெற்குத் தொகுதியை நாடே பாக்குது. நந்தன் நிலேகனி போன மாசம்தான் ஆதார் தலைவர் பதவியை விட்டுட்டு காங்கிரஸ்ல நிக்கறார். எதிர்ல 1996லேர்ந்து தோக்காத பாஜக அனந்த குமார். 2010ல டெம்ப்ளின்னு ஒரு மகாராஷ்டிரா கிராமத்துல முதல் ஆதார் நம்பர் குடுத்தாங்க. இப்போ 60 கோடி பேர்கிட்ட இருக்கு. பென்ஷன், காஸ் மானியம் எதுலயும் நடுவுல யாரும் கை வைக்க முடியாது. நேரா பேங்க் கணக்குக்கு வரும். சாதி சொல்லாம, செஞ்ச வேலையைச் சொல்லி ஓட்டுக் கேக்கற ஆளு

துமகூர் அத்தை: நேரா வந்துச்சா?

பாபு: 😂

துமகூர் அத்தை: எங்க ஊர்ல போன ஜூன்லயே ஆரம்பிச்சாங்க. முழு விலை கட்டி மூணு சிலிண்டர் எடுத்தேன். கனெக்‌ஷன் மாமா பேர்ல. அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. மானியம் எங்கேன்னு கேட்டா ஏஜென்சில பேங்கைக் காட்டறான், பேங்க்ல ஏஜென்சியைக் காட்டறான்

பெரியப்பா: பேரை மாத்துன்னு அப்பவே சொன்னேன் ரமணி

துமகூர் அத்தை: மாத்த வேண்டியது அது மட்டுமா அண்ணா. அப்பா பேர்லயே நிக்குது ஜெயநகர் வீடும்

சுமதி: வேன்??

மாலா சித்தி: பாட்டிக்கு இன்னும் ஆதாரே வரல. ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனேன். ரேகை விழலையாம்

பாபு: அம்பது வருஷம் தேங்காய் துருவின கை

பெரியப்பா: கருவிழி வெச்சுப் பதியலாமே

மாலா சித்தி: ஆபரேஷன் பண்ண கண்ணை அகல முழிங்கறான். முழிச்சா தண்ணியா கொட்டுது

கார்த்தி: பெரியப்பா, ஜனவரி 30 மறந்துட்டீங்களா? ஆதார் வழி காஸ் மானியத்தை அவங்க அமைச்சரவையே நிறுத்தி வெச்சாச்சு. அதே நாள் வருஷத்துக்கு 9 சிலிண்டரை 12 ஆக்கினாங்க. தேர்தல் வந்தா கம்ப்யூட்டர் உள்ளே, சிலிண்டர் வெளியே. இவர் அதே ஆதாரைக் காட்டி ஓட்டுக் கேக்கறார்

கார்த்தி: அதுக்குன்னு ஒரு சட்டம்கூட இல்ல. மசோதாவை 2011லயே பார்லிமென்ட் நிலைக்குழு திருப்பி அனுப்பியாச்சு. போன மாசம் சுப்ரீம் கோர்ட்டும் ஆதார் இல்லன்னு எதையும் மறுக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு

பெரியப்பா: அப்போ மோடி பக்கமா நீ? எழுதி வெச்சுக்கோ, அவங்க வந்தா ஆதாரே இருக்காது

கார்த்தி: நான் யார் பக்கமும் இல்ல. பாட்டி பக்கம்

மாலா சித்தி: பாட்டி கேக்கறாங்க, ஓட்டுப் போடவும் ரேகை வைக்கணுமான்னு

பாபு: மை போதும்னு சொல்லுங்க

துமகூர் அத்தை: அந்தப் பாஸ்புக் யார்கிட்ட இருக்குன்னும் அம்மாகிட்ட கேளு மாலா

மாலா சித்தி: எந்தப் பாஸ்புக்?

பெரியப்பா: அதை நேர்ல பேசிக்கலாம்

சுமதி: 6ஆ 10ஆ?

பெரியப்பா: 10. பூத்ல கூட்டம் இருந்தா 11

பாபு: நான் 6க்கு பஸ்ல போயிடறேன்

பெரியப்பா: ஓட்டு?

சுமதி: டிரைவர்கிட்ட கேட்டேன். அவருக்கு ஓட்டு தர்மபுரில, 24ந்தேதிதானாம். எப்பக் கூப்பிட்டாலும் வரேங்கறார்