ருவாண்டா விவகாரம்: எல்லை மீறியது நீதிமன்றமா, நாடாளுமன்றமா?

வாசுகி:
சிறு படகுகளில் வந்து புகலிடம் கேட்பவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பி, மனுவையும் அங்கேயே முடித்துக்கொள்ளச் சொன்னது பிரிட்டன் அரசு. ருவாண்டா அவர்களை ஆபத்துள்ள சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்பதால், 2023 நவம்பர் 15 அன்று வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். அரசு சளைக்கவில்லை. 2024 ஏப்ரலில் 'ருவாண்டா பாதுகாப்பான நாடு' என்று சட்டமே போட்டுவிட்டது. தவறு யார் பக்கம்?

செங்குட்டுவன்:
நீதிமன்றம்தான். இன்னொரு நாடு நாளை எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது அமைச்சரவையின் வேலை. 2022 ஜூனில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இடைக்கால உத்தரவு போட்டு முதல் விமானத்தையே கிளம்பவிடாமல் செய்தது. அமைச்சர் சொதப்பினால் தேர்தலில் இறக்கிவிடலாம். நீதிபதியை என்ன செய்வீர்கள்?

நிலா:
கணிப்பா? தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள் சார். இஸ்ரேல் இதேபோல் ருவாண்டாவுக்கு அனுப்பியவர்கள் ரகசியமாக உகாண்டாவுக்குக் கடத்தப்பட்டார்கள். 2020 முதல் 2022 வரை ஆப்கானிஸ்தான், சிரியா, ஏமன் நாட்டவரின் மனுக்களை ருவாண்டா முழுவதுமாக நிராகரித்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் வைத்த ஆதாரங்கள் இவை. ஆபத்து உள்ள இடத்துக்கே ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது பிரிட்டன்தானே, நீதிபதிகள் இல்லையே.

செங்குட்டுவன்:
சரி, அந்தக் குறையைத்தான் டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டுச் சரிசெய்தார்களே. பிரிட்டனைத் தவிர வேறெங்கும் யாரையும் ருவாண்டா அனுப்பக் கூடாது என்று எழுதியாயிற்று. அப்புறம் என்ன?

நிலா:
அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நீதிமன்றத்துக்கே போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, ருவாண்டா பாதுகாப்பானது என்றே நீதிபதிகள் முடிவுகட்ட வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். ஆதாரத்தைப் பார்க்காதே என்று சொல்வதற்குச் சட்டம் எதற்கு?

வாசுகி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பயங்கரவாதிகள் என்று சந்தேகிக்கப்பட்ட வெளிநாட்டவரைப் பிரிட்டன் விசாரணையின்றிக் காலவரம்பில்லாமல் அடைத்து வைத்த வழக்கில், 2004-இல் ஒன்பது பேரில் எட்டு நீதிபதிகள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆனாலும் கைதிகளை விடுவிக்க முடியவில்லை. 'இந்தச் சட்டம் மனித உரிமைக்கு முரண்' என்று அறிவிக்க மட்டுமே அங்கே அதிகாரம். 'நீதிபதிகள் ஆட்சி' என்ற பேச்சு எனக்கு மிகையாகத்தான் படுகிறது.

செங்குட்டுவன்:
அது என் வாதத்துக்குத்தான் பலம். 2005-இல் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் தானே முன்வந்து மாற்றியது. ருவாண்டா திட்டத்தையும் 2024 ஜூலைத் தேர்தலில் வந்த அரசுதான் கைவிட்டது.

நிலா:
அந்தத் தேர்தலில் வேறு கட்சி வென்றிருந்தால் விமானம் பறந்திருக்கும். ஏறவேண்டியவர்கள் யாருக்கும் அங்கே ஓட்டு கிடையாது.