மறு: 'ஹனிடியூ': தேன்பனியா, பிசுக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சாறு உறிஞ்சும் பூச்சிகள் இலைமேல் விடும் இனிப்பான, ஒட்டும் கழிவை ஆங்கிலத்தில் 'ஹனிடியூ' (honeydew) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: தேன்பனி, தேன்கசிவு, இனிப்புக்கழிவு. நான் 'பிசுக்கு' என்கிறேன். தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பூச்சிப்பிசுக்கு'.

போன மாசியில் எங்கள் மாடித் தோட்டத்துச் செம்பருத்தி இலையெல்லாம் கரி பூசினாற்போல ஆகிவிட்டது. கடையில் ஓர் இலையைக் காட்டினேன், பூசணக்கொல்லி கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் கருப்பு போகவில்லை. அப்புறம்தான் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். கருப்பு துணியோடு வந்துவிட்டது; அடியில் இலை பச்சையாகவே இருந்தது. கரும்பூசணம் இலையைத் தின்பதில்லை. இலைமேல் சிந்திக் கிடக்கும் இனிப்பில் வளர்ந்து, வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். அந்த இனிப்பைச் சிந்தியது கொழுந்துக் கணுவில் அப்பியிருந்த மாவுப்பூச்சி. நடுவில் இருக்கும் அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் தெரிந்திருந்தால் முதல் நாளே கொழுந்தைப் பார்த்திருப்பேன்.

மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மாம்பூவில் வரும் தத்துப்பூச்சி எல்லாமே சாறு உறிஞ்சிகள். செடிச்சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பின்வழியே விடுகின்றன. எறும்பு செடியில் ஏறுவது இதற்காகத்தான். ஏறியது சும்மா இருப்பதில்லை, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டுகிறது.

> தேன்பனி காதுக்கு இனிமையாக இருக்கிறதே ஐயா

இனிமைதான் அம்மா. ஆனால் அந்த ஆங்கிலப் பெயரே, இது பனிபோல வானத்திலிருந்து இறங்குகிறது என்ற பழைய நம்பிக்கையில் பிறந்தது. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, தேனே வானத்தின் வியர்வையோ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பிழையை நாம் மொழிபெயர்த்துக் கொண்டுவர வேண்டாம். பனி என்றால் நம் ஆட்கள் வானத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மேல் இலையின் அடிப்புறத்தை.

தேன்கசிவு இன்னும் சிக்கல். கம்புப் பயிரில் 'தேன் ஒழுகல் நோய்' என்று ஏற்கெனவே இருக்கிறது. அது பூசண நோய், கதிரிலிருந்தே பிசுபிசுப்பாக ஒழுகும், பூச்சிக்குத் தொடர்பில்லை. 'பிசின்' என்றும் வைக்க முடியாது. முருங்கைப் பிசின் மரத்தின் காயத்திலிருந்து வருவது. இனிப்புக்கழிவில் பொருள் சரி, ஆனால் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு எல்லோருக்கும் தெரியும். படியும், ஒட்டும், துடைத்தால் போகும். மாம்பூக் காலத்தில் மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியவர்கள் இருக்கையைத் தொட்டிருந்தால் போதும், விளக்கமே வேண்டாம். அறிவுரை சொல்லவும் வாகாக இருக்கிறது: "பிசுக்குக்கு நேர் மேலே பூச்சியைத் தேடு." மிளகாய் இலை சுருண்டிருக்கிறது, பிசுக்கு இல்லை என்றால் முதலில் இலைப்பேனையும் சிலந்திப்பேனையும் சந்தேகிக்கலாம், அவை பிசுக்கு விடுவதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, கருத்த ஓலைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளிக்கச் சொன்னார்கள். பசை காய்ந்து உதிரும்போது கருப்பையும் உரித்துக்கொண்டு போகும். 'பிசுக்கின்மேல் வளர்ந்த கரும்பூசணம்' என்று ஒரு வரி சேர்த்தால் அது ஏன் உரிகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஓர் எதிர்ப்பு நியாயமானது. ஜெர்மனியின் கருங்காட்டில் தேனீக்கள் இதையே சேகரித்துத் தேனாக்குகின்றன. 'பிசுக்குத்தேன்' என்று புட்டியில் ஒட்டினால் யார் வாங்குவார்கள்? அங்கே 'சாற்றுத்தேன்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேனுக்காக நம் தோட்டத்துச் சொல்லைக் குழப்ப வேண்டியதில்லை.

சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு உள்ளவர்கள் குழுவில் இருந்தால், பூக்காலத்தில் இலை மினுமினுப்பதைத் தோப்பில் என்னவென்று சொல்கிறார்கள் எனக் கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.